தனி ஆலயம்: உதயம்பேரூர் முதல் பெல்ஹார் வரை

1. கேள்வி

ஆவணி மாதத்து அத்த நாளில் திருப்பூணித்துறையில் நடக்கும் அத்தச்சமயம் கொச்சி மன்னரின் பவனியாகத் தொடங்கியது. 1949இல் அரசு விழாவாக நின்றுபோய், 1961 முதல் மக்கள் விழாவாகத் தொடர்கிறது. அந்தப் பவனியில் நெட்டூர் தங்ஙள், செம்பில் அரயன், கரிங்ஙாச்சிற கத்தனார் ஆகிய மூவருக்கும் தனி மரியாதை உண்டு என்பது ஊரறிந்த மரபு. ஒருவர் இசுலாமியர், ஒருவர் கடலோர இனத்தின் தலைவர், ஒருவர் கரிங்ஙாச்சிற ஆலயத்தின் சுறியானிக் கிறிஸ்தவக் குரு. கேரளத்தின் சமய நல்லிணக்கத்துக்குச் சான்றாக எழுதுகிறவர்கள் இந்த மூவரையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். அந்தப் பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே அரசின் கீழ், அதே வயல்களில் நாற்று நட்டுக் கதிரறுத்த புலயர்களும் பறயர்களும் பவனி போன வீதியில் கால்வைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். 1854 வரை அவர்கள் விற்கவும் வாங்கவும் கூடிய அடிமைகள். மன்னரின் அருகே கத்தனாருக்குக் கிடைத்த இடத்தையும், வரப்பில் நின்ற புலயனுக்குக் கிடைக்காத இடத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இனவெறியும் சமூக அநீதியும் எழும் இடத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை என்ன பதில் தந்தது என்ற கேள்விக்கு இரண்டு ஆயத்த விடைகள் நம்மிடம் உண்டு. திருச்சபை வரலாறுகள் தருவது முதல் விடை: நற்செய்தி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அடிமைத்தளை அறுந்தது. இரண்டாவது விடை விமர்சகர்களுடையது: கிறிஸ்தவம் போன இடமெல்லாம் சாதியோடும் பேரரசோடும் சமரசம் செய்துகொண்டது, சமத்துவம் பிரசங்கத்தோடு நின்றது. இரண்டுக்கும் சான்றுகள் ஏராளம். நினான் கோஷி 1968இல் கேரளத் திருச்சபைகளில் சாதி குறித்து எழுதிய நூலும், சி. ஜே. ஃபுல்லரின் 1976ஆம் ஆண்டுக் கட்டுரையும், டங்கன் ஃபாரஸ்டர் 1980இல் வெளியிட்ட ஆய்வும் இரண்டாவது விடைக்கு வலுவான அடித்தளம் இட்டவை. பின்வந்த சனல் மோகனின் ‘மாடர்னிட்டி ஆஃப் ஸ்லேவரி’ (2015) கேள்வியையே வேறு பக்கம் திருப்பியது. அடிமைகள் அந்த நம்பிக்கையைக் கொண்டு தாங்களே என்ன செய்தார்கள் என்று அது கேட்டது. என் வாதம் இந்தத் திருப்பத்திலிருந்து தொடங்குகிறது.

இனவெறியையும் சாதியையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. 1959இல் திருவனந்தபுரம் வந்த மார்ட்டின் லூதர் கிங், ஒரு பள்ளியில் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் அதிர்ந்ததாகவும், யோசித்துப் பார்த்தபின் அது உண்மையென உணர்ந்ததாகவும் 1965ஆம் ஆண்டு மறையுரை ஒன்றில் சொன்னார். அது ஒப்புமை வழியாகப் பிறந்த உணர்வு. கொச்சிக்கு வந்தால் ஒப்புமையின் துணை நமக்குத் தேவைப்படாது. இங்கிருந்து மனிதர்களை ஏற்றிப்போன கப்பல்கள் இரண்டு வரலாறுகளையும் நேரடியாகவே பிணைத்துவிட்டன. அதை நான்காம் பகுதியில் காணலாம்.

2. உதயம்பேரூர், 1599

திருப்பூணித்துறைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உதயம்பேரூர் இருக்கிறது. கோவா பேராயர் அலெய்ஷோ டி மெனேசிஸ் 1599 ஜூன் 20 முதல் 26 வரை அங்கே கூட்டிய சங்கத்தில் ஏறத்தாழ 153 குருக்களும் 660 பொதுநிலையினரும் பங்கேற்றனர். அதைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தையே நிரப்பும். மெனேசிஸின் பயணத்தை அந்தோனியோ டி கூவேயா 1606இல் போர்த்துக்கீசில் வெளியிட்டார். மைக்கேல் கெடிஸ் 1694இல் சங்கத்தின் தீர்மானங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். யோனாஸ் தாலியத்தின் 1958ஆம் ஆண்டு ஆய்வு அச்சங்கம் சட்டப்படி செல்லுமா என்று விவாதித்தது. தீக்கிரையான சுறியானி ஏடுகள், திணிக்கப்பட்ட இலத்தீன் வழிபாடு, போர்த்துக்கீசிய ஆதிக்கம் ஆகியவற்றையே பெரும்பாலான எழுத்துகள் சுற்றிவருகின்றன. மலையாள மூலத்தை ஸ்கரியா சக்கரியா 1994இல் பதிப்பித்த பிறகுதான் அந்தத் தீர்மானங்களைச் சமூக வரலாற்று ஆவணமாக வாசிக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

அப்படி வாசித்தால், சாதி பற்றிய பகுதிகள் நம்மை நிறுத்திவைக்கின்றன. தாழ்த்தப்பட்ட சாதியாரைத் தொட்டுவிட்டால் தீட்டென்று கருதிக் குளித்துத் தூய்மை தேடும் வழக்கம் சுறியானிக் கிறிஸ்தவர்களிடையே இருந்தது. அது கிறிஸ்தவருக்கு ஒவ்வாத மூடநம்பிக்கை என்று சங்கம் கண்டித்தது. ஆனால் நாயர் முதலிய மேல்சாதியாரோடு உறவாடி வாழவேண்டிய கட்டாயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்த உறவு கெடாமல் இருப்பதற்காக வெளியில் தீண்டாமல் விலகி நடப்பதைப் பொறுத்துக்கொண்டது. தாழ்த்தப்பட்டவர்கள் திருமுழுக்குப் பெற விரும்பினால் அவர்களுக்கெனத் தனி ஆலயங்கள் கட்டலாம் என்றது. மனத்தால் தீட்டை நம்புவது பாவம். வெளியே தீட்டுப் பார்ப்பது உலக நடைமுறை. சங்கம் கண்ட தீர்வு இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது.

இதற்கு மெனேசிஸை மட்டும் பொறுப்பாக்குவது எளிது. அந்த எளிமையில் எனக்கு உடன்பாடில்லை. தீட்டுப் பார்ப்பது போர்த்துக்கீசியர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த சரக்கு அல்ல. சுறியானிக் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக மலபாரின் சாதி வரிசையில் ஒரு மதிப்பான படியில் நின்றவர்கள். வணிகமும், மன்னர்கள் அளித்த செப்பேட்டு உரிமைகளும் அந்தப் படியைத் தாங்கிநின்றன. கீழே உள்ளவரைத் தொட்டால் மேலே உள்ளவர் இவர்களைத் தொடமாட்டார். அந்தப் படியை இழக்க அவர்கள் ஒப்பவில்லை. அதை இழக்கச் சொல்ல சங்கத்துக்குத் துணிவும் இல்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் பரதவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே நூற்றாண்டின் திருச்சபை இது. ஒரு தலைமுறைக்குள் மதுரையில் இராபர்ட் தெ நொபிலி பிராமணருக்கும் மற்றவருக்கும் வேறுவேறு நடைமுறைகளை வகுக்கத் தொடங்கிவிட்டார். உதயம்பேரூரின் தனி ஆலயம் தென்னிந்தியத் திருச்சபைக்கெல்லாம் ஒரு வார்ப்பாக அமைந்துவிட்டது.

3. மட்டாஞ்சேரி, 1653

சங்கம் முடிந்து 54 ஆண்டுகளுக்குள் அதே சமுதாயம் போர்த்துக்கீசியருக்கு எதிராகத் திரண்டது. 1652இல் மயிலாப்பூர் வந்திறங்கிய அகத்தல்லா என்ற கீழைத் திருச்சபை ஆயரை ஏசு சபையார் தடுத்துவைத்தனர். மயிலாப்பூருக்குத் திருத்தலப் பயணமாக வந்திருந்த மலபார் தியாக்கோன்மார் அவரைச் சந்தித்துச் செய்தியை ஊருக்கு எடுத்துச் சென்றனர். அவரை ஏற்றிய கப்பல் கொச்சியில் நின்றபோது, காணவேண்டும் என்று கூடிய மக்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. உண்மையில் அவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1654இல் பாரிசில் இறந்தார். ஆனால் பேராயர் பிரான்சிஸ் கார்சியா அம்மக்களைச் சந்திக்கக்கூட இணங்காதது வதந்தி அல்ல. 1653 ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரி ஆலயத்தின் சிலுவையில் கயிறுகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் சத்தியம் செய்தனர். கூனன் குருசு சத்தியம் என்று வரலாறு அதை அழைக்கிறது.

சத்தியம் யாருக்கு எதிரானது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கார்சியாவுக்கும் ஏசு சபைக்கும் மட்டுமே எதிரானது என்பர் கத்தோலிக்க ஆய்வாளர்கள். உரோமையின் அதிகாரத்தையே மறுத்தது என்பர் மலங்கரைத் தரப்பினர். எனக்கு முக்கியமாகப் படுவது சத்தியத்தின் உணர்வு. தன் நிலத்தில், தன் மொழியில், தன் குருவின் கீழ் வழிபடும் உரிமையை வெள்ளையர் குருத்துவம் மறுத்தபோது, அவமதிக்கப்பட்ட மக்கள் சிலுவையையே பற்றிக்கொண்டார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த ஆணவத்துக்கு ஆசியக் கிறிஸ்தவர்கள் கொடுத்த மிகத் தொன்மையான கூட்டுப் பதில்களுள் ஒன்று இது. இதைச் சிறுமைப்படுத்த எனக்கு எந்த விருப்பமும் இல்லை.

இருந்தும், கயிற்றைப் பிடித்த கைகள் எவருடையவை என்று கேட்கவேண்டியிருக்கிறது. அந்தச் சத்தியத்தில் வயல் அடிமைக்கு இடம் இல்லை. அவனுக்காக ஒரு சொல்லும் இல்லை. அதே ஆண்டு மே 22ஆம் நாள் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருக்கள் கைவைத்து ஆர்ச்டீக்கன் தோமாவை ஆயராக்கினார்கள். புதிய சபை பிறந்தது. அதற்குள் பழைய படிவரிசை அப்படியே குடியேறியது. உதயம்பேரூரின் பிற தீர்மானங்களைத் தூக்கி எறிந்தவர்களும் தீண்டாமைக்கு அது தந்த விலக்கை மட்டும் எறியவில்லை. தனக்கு மேலே இருப்பவனின் ஆணவம் சுட்டெரிக்கிறது. தன் ஆணவம் கண்ணில் படுவதில்லை. இது சுறியானிக் கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய நோய் அல்ல. கடலோர இலத்தீன் கிறிஸ்தவர்களிடமும் எழுநூற்றுக்காரர், அஞ்ஞூற்றுக்காரர், முந்நூற்றுக்காரர் என்ற பிரிவுகள் நெடுங்காலம் நிலைத்திருந்தன. மட்டாஞ்சேரியின் யூதரிடையேயும் வெளிநாட்டிலிருந்து வந்த ‘பரதேசி’ யூதர்களுக்கு ஒரு மதிப்பும், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு வேறு மதிப்பும் இருந்தன. அந்த வழிவந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம், ஜெப ஆலயத்தில் சமமாக அமரும் உரிமைக்காக இருபதாம் நூற்றாண்டில் அறப்போராட்டம் நடத்தவேண்டியிருந்தது.

4. கொச்சியின் அடிமைகளும் கேப் நகரின் திருச்சபையும்

1663 ஜனவரியில் டச்சுக் கம்பெனி கொச்சியைக் கைப்பற்றியது. கத்தோலிக்கரான போர்த்துக்கீசியர் போய், சீர்திருத்தச் சபையினர் வந்தனர். கோட்டைக்குள் இருந்த புனித பிரான்சிஸ் ஆலயம் அவர்களின் வழிபாட்டிடமானது. அடிமை வணிகம் மட்டும் நிற்கவில்லை. மலபாரின் சாதியமைப்பு ஏற்கெனவே அடிமைப்படுத்தி வைத்திருந்தவர்களையும், கடனாலும் பஞ்சத்தாலும் கடத்தலாலும் சிக்கியவர்களையும் கம்பெனியின் ஆட்களும் தனி வணிகர்களும் கப்பலேற்றினர். பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப் நகருக்கும் அவர்கள் போனார்கள். கொச்சி நீதிமன்றத்தின் டச்சு ஆவணங்களில் அடிமைகளின் வாக்குமூலங்களே இருக்கின்றன. மத்தியாஸ் வான் ரோசமும் சக ஆய்வாளர்களும் அண்மை ஆண்டுகளில் அவற்றை வெளிக்கொணர்ந்துள்ளனர். யார் என்னைப் பிடித்தார், எங்கே விற்றார், என் தாய் எந்தச் சாதி என்று மனிதர்கள் தங்கள் வாயால் சொன்னவை அவை.

கேப் குடியேற்றத்துக்கு 1652 தொடங்கி 1808 வரை கொண்டுவரப்பட்ட அடிமைகள் 60,000க்கும் மேற்பட்டோர் என்றும், அவர்களில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தவர் என்றும் மதிப்பிடப்படுகிறது. அங்குள்ள பதிவேடுகளில் அடிமையின் பெயரோடு மலபார், கொச்சி, வங்காளம், சோழமண்டலம் என்று வந்த இடமும் ஒட்டிக்கொண்டது. புலயன், பறயன் என்ற அடையாளம் கடல் கடந்ததும் அழிந்தது. அதனிடத்தில் நிறம் வந்து அமர்ந்தது. பலவகை அடிமைகளின் வழித்தோன்றல்களும் அந்நிலத்துப் பூர்வகுடிகளும் கலந்த மக்கள், பின்னர் நிற ஒதுக்கல் ஆட்சி ‘கலப்பினத்தவர்’ என்று முத்திரை குத்திய சமுதாயமானார்கள்.

அங்கும் ஒரு சங்கம் கூடியது. 1857இல் கேப் டச்சு சீர்திருத்தச் சபையின் சங்கம், மனமாறி வருகிறவர்கள் ஏற்கெனவே உள்ள சபைகளில் சேர்க்கப்படுவதே மறைநூலுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. உடனே அடுத்த அடியில், சிலரின் பலவீனம் காரணமாக அது இறைப்பணிக்கு இடையூறாகுமானால் அவர்கள் தனிக் கட்டடத்தில் வழிபடலாம் என்றும் தீர்மானித்தது. உதயம்பேரூருக்கு 258 ஆண்டுகள் பின்னால், வேறு கண்டத்தில், வேறு சபையில், அதே வாக்கியக் கட்டு. கொள்கை ஒப்புக்கொள்ளப்படுகிறது, நடைமுறைக்கு விலக்குத் தரப்படுகிறது, மேலிருப்பவனின் மனக்கோணலுக்குச் சலுகை வழங்கப்பட்டு, அதன் விலை கீழிருப்பவனிடம் வசூலிக்கப்படுகிறது. இரண்டு சங்கங்களும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே சிக்கல் நேர்ந்தது, இரண்டும் ஒரே கதவு வழியே தப்பித்தன. 1881இல் நிறத்தவருக்கென்று தனி மிஷன் சபையே உருவாக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அரசே நிறவாரியாக மக்களைப் பிரித்தபோது, முன்மாதிரி தேடித் திருச்சபை வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை.

பதில் அந்தத் தனிச் சபையிலிருந்துதான் வந்தது. அதன் குருவான ஆலன் போசாக் 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்புக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிற ஒதுக்கலை இறையியல் வழியில் நியாயப்படுத்துவது திரிபுக்கொள்கை என்று அந்தக் கூட்டம் அறிவித்தது. அதே ஆண்டு கேப் நகரையடுத்த பெல்ஹாரில் கூடிய மிஷன் சபையின் சங்கம் ஒரு நம்பிக்கை அறிக்கையை வரைந்தது; 1986இல் அதை ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகியவை நம்பிக்கையின் உள்ளடக்கமே என்றும், மனிதரை நிறத்தால் பிரிக்கும் போதனை நற்செய்திக்குப் புறம்பானது என்றும் பெல்ஹார் அறிக்கை சொல்கிறது. நிற ஒதுக்கலை வெறும் அரசியல் தவறு என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அது பொய்யான விசுவாசம் என்றார்கள். தனிக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கட்டடத்துக்குள்ளிருந்தே தங்களை அனுப்பியவர்களின் நம்பிக்கையை விசாரணைக்கு உட்படுத்தினார்கள். கொச்சியிலிருந்து ஏற்றப்பட்டவர்களின் குருதியும் கலந்த ஒரு சமுதாயம் செய்த செயல் இது. கேரளத் திருச்சபை வரலாற்று நூல்கள் இதைத் தங்கள் கதையின் பகுதியாக எழுதவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

5. ஞாயிற்றுக்கிழமையின் விலை

1854இல் கொச்சியிலும் 1855இல் திருவிதாங்கூரிலும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன் 1847இல் திருவிதாங்கூர் மன்னருக்கு மிஷனரிகள் கூட்டாக விண்ணப்பம் அனுப்பியிருந்தனர். ஆங்கிலேய அரசின் அழுத்தமும், மாறிவந்த வேளாண் பொருளாதாரமும் சேர்ந்தே சட்டத்தைக் கொண்டுவந்தன. மிஷனரிகளின் பங்கு உண்மையானது. ஆனால் அவர்களைக் கதையின் நாயகராக்கும்போது வேறு சிலர் மறைந்துபோகிறார்கள்.

1854இல் மல்லப்பள்ளிக்கு அருகே தெய்வத்தான் என்ற அடிமை ஹாபேல் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். கொடுத்தவர் ஜார்ஜ் மாத்தன். சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலிக்கன் குரு. மலையாள இலக்கணம் எழுதியவர். அடிமைகளுக்கான பள்ளிகள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பின்னரே கூடின. பகலெல்லாம் சேற்றில் நின்றவர்கள் இரவில் வந்து பத்துக் கட்டளைகளையும் ஆண்டவர் கற்பித்த செபத்தையும் மனனம் செய்தார்கள். இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் பற்றிய கட்டளை ஒன்று உண்டு. எழுத்தறிவோ நிலமோ இல்லாத ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று நிலவுடைமையாளரிடம் சொன்னார். அப்படிச் சொன்னவர்கள் அடிக்கப்பட்டதை மிஷன் அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. வாரத்தின் ஏழு நாளும் உடைமையாளனுக்கு உரியவை என்றிருந்த உலகில், ஒரு நாள் வேறொருவருக்கு உரியது என்று சொல்ல இறைவனின் கட்டளை தேவைப்பட்டது. வேறு எந்தச் சட்டத்தையும் அவர்களால் காட்டியிருக்க முடியாது. திருமணத்திலும் இதுவே நடந்தது. கணவன் ஓரிடத்துக்கும் மனைவி வேறிடத்துக்கும் விற்கப்பட்ட சமூகத்தில், கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்கலாகாது என்ற போதனையை அடிமைகள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். இறையியல் பள்ளியில் எவரும் இதை அவர்களுக்கு விளக்கவில்லை. தங்கள் காயத்தை வைத்து அவர்களே வாசித்தார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போன இடம் பெரும்பாலும் தனி ஆலயம்தான். சுறியானிக் கிறிஸ்தவர்கள் பக்கத்தில் அமர மறுத்தார்கள். மிஷனரிகள் முதலில் கோபப்பட்டு, பிறகு பழகிப்போனார்கள். யாக்கோபின் திருமுகம் தங்க மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் காட்டும் சபையைக் கடிந்துகொள்கிறது. இங்கே தரைகூட வேறு கட்டடத்துத் தரை.

இந்த முரணை முழுவதுமாக வாழ்ந்து காட்டியவர் பொய்கையில் யோகன்னான் (1879–1939). இரவிபேரூரில் ஒரு சுறியானிக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடிமைப்பட்டிருந்த பறயர் குடும்பத்தில் பிறந்தவர். மார்த்தோமா சபையில் சேர்ந்தார். அங்கே சாதி கண்டார். பிரதரன் சபைக்குப் போனார். அங்கும் அதையே கண்டார். ரோமருக்கும் கொரிந்தியருக்கும் திருமுகங்கள் உண்டு, திருவிதாங்கூரின் புலயருக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் கேட்டதாக மரபு சொல்கிறது. விவிலியத்தை ஒரு கூட்டத்தில் எரித்தார் என்றும் கூறப்படுகிறது. 1909ஐ ஒட்டி அவர் நிறுவிய பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை, அடிமைகளின் பிரிவையும் கண்ணீரையும் வழிபாட்டின் மையத்தில் வைத்தது. திருவிதாங்கூர் அரசின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1921இலும் 1931இலும் உறுப்பினராக இருந்து தம் மக்களுக்கு நிலமும் கல்வியும் கேட்டார். அவரைக் கிறிஸ்தவத்தை விட்டு விலகியவர் என்று முடித்துவிடுவது வழக்கம். என் வாசிப்பில் அவர் எழுப்பியது கிறிஸ்தவ நம்பிக்கையின் மீது அந்த நம்பிக்கையே கற்றுத்தந்த கேள்வி. மீட்பு எல்லாருக்கும் என்றால் எங்கள் கதை ஏன் எந்த ஏட்டிலும் இல்லை என்று அவர் கேட்டார். திருச்சபைகள் அதற்கு இன்றளவும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

கொச்சி அரசில் நிலை சற்று வேறு. அங்கே புலயர் இயக்கத்துக்குத் தோள் கொடுத்த பண்டிட் கருப்பன் வாலர் சாதியில் பிறந்த சமற்கிருதப் புலவர். மன்னரின் நிலத்தில் கூட்டம் கூட முடியாததால் 1913இல் எறணாகுளம் காயலில் வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் புலயர் மாநாடு கூடியதாக நினைவுகூரப்படுகிறது. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற கிருஷ்ணாதி ஆசான் பின்னர் கிறிஸ்தவரானார். அவருடைய மதமாற்றத்தை இயக்கத்திலிருந்து விலகியதாகச் சிலர் பார்க்கிறார்கள். வள்ளத்தில் நின்று கேட்ட அதே உரிமையை அவர் வேறொரு வாசலில் கேட்டார் என்று பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1924இன் வைக்கம் போராட்டம் இந்த வாசல்களை வேறுவிதமாகப் பிரித்தது. அதன் தொடக்க நாட்களில் தலைமையேற்றவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த கிறிஸ்தவர்; குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராகப் பிரமலைக் கள்ளர்களுக்காக வாதாடியவர்; அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று அன்போடு அழைத்தவர். தீண்டாமை இந்துக்களின் பாவம், பரிகாரத்தை இந்துக்களே செய்யட்டும், நீங்கள் விலகி நில்லுங்கள் என்று காந்தி அந்த ஏப்ரலில் அவருக்கு எழுதினார். சிறைப்பட்ட தலைவர்களின் இடத்தை நிரப்ப ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தது நாம் அறிந்ததே. காந்தியின் வாதத்தில் ஒரு கண்ணியம் உண்டு. அதில் ஒரு பெரிய பிழையும் உண்டு. தீண்டாமை இந்துக்களின் பாவம் மட்டும்தான் என்றால், தனிக் கல்லறையும் தனி ஆலயமும் வைத்திருந்த கிறிஸ்தவர்கள் நிரபராதிகளாகிவிடுகிறார்கள். ஜார்ஜ் ஜோசப் வைக்கம் தெருவில் நின்றது இந்துக்களின் உள்வீட்டு விவகாரத்தில் தலையிட்டதாகாது. கேரளத்தின் எல்லாச் சமயங்களும் பங்குவைத்துக்கொண்ட ஒரு குற்றத்துக்கு எதிராக அவர் நின்றார்.

6. பிரிவைக் கேட்பவர் யார்

இதுவரை தனி ஆலயத்தை அநீதியின் வடிவமாகவே பேசினேன். ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். 1960களில் தென்னிந்தியத் திருச்சபையின் மத்திய கேரள மறைமாவட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களே தனி நிர்வாகம் கேட்டார்கள். ஒரு பகுதியினர் பிரிந்தும் போனார்கள். தமிழகத்தில் எறையூர் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் சிற்றாலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினார்கள். 2008 மார்ச்சில் அங்கே மோதல் வெடித்து, துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். அப்படியானால் பிரிவு கேட்பது குற்றமா, உரிமையா?

கட்டடம் ஒன்றே போலத் தோன்றினாலும் கேட்கும் குரல் வேறு. உதயம்பேரூரிலும் கேப்பிலும் பிரிவைக் கேட்டவர் மேலிருந்தவர். அவருடைய அருவருப்புக்கு ஆலயம் இடம் ஒதுக்கியது. மத்திய கேரளத்திலும் எறையூரிலும் கேட்டவர்கள், ஒன்றாக இருந்தபோதே ஒதுக்கப்பட்டவர்கள். ஒரே கூரையின் கீழ் அவமதிப்போடு இருப்பதைவிடத் தங்கள் கூரையின் கீழ் மதிப்போடு இருப்பதை அவர்கள் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வைப் பிரிவினைவாதம் என்று கண்டித்த ஆயர்கள், அதற்கு முன்னரே நிலவிய பிரிவினையைப் பற்றி அதே குரலில் பேசியிருந்தால் அவர்களின் ஒற்றுமைப் பேச்சை நம்பியிருக்கலாம். 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் தொடங்கிவைத்த தலித் இறையியலும், மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையையும் நாட்டுப்பாடலையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்த முயற்சியும் இந்தத் தேர்வுக்கு இறையியல் மொழி கொடுத்தவை.

தனிக் கட்டடங்கள் குறைந்துவிட்ட இடங்களிலும் பழைய எல்லை திருமணத்தில் வந்து நிற்கிறது. 2018இல் கோட்டயத்தில் ஒரு தலித் கிறிஸ்தவ இளைஞர் காதல் திருமணத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். 2019 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஆணவக்கொலை என்றே கூறி, பெண்ணின் சகோதரன் உட்படப் பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. கேரளத்தில் ஆணவக்கொலை நடக்காது என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது.

7. சாட்சியம்

1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கே அந்தத் தகுதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கிறார்கள். கேரளம் பட்டியல் சாதியிலிருந்து மாறிய கிறிஸ்தவருக்கென 1 விழுக்காடு ஒதுக்கீடும், கோட்டயத்தில் ஒரு வளர்ச்சிக் கழகமும் வைத்திருக்கிறது. அந்த ஒரு விழுக்காடு எவ்வளவு சிறிது என்பதை அம்மக்கள் அறிவார்கள். சென்னையில் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இல் ஒரு அளவுகோலை வைத்தது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை புதிய சமயச் சூழலுக்குள் அதே அழுத்தத்தோடு தொடர்கிறது என்று காட்டவேண்டும் என்றது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

நீதிமன்றம் கேட்ட சான்று யாரிடம் இருக்கிறது? இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்று ஒப்புக்கொண்டது. தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் 2003இலேயே சாதியைக் கடிந்து பேசியிருந்தார். தலித் கர்தினால் ஒருவர் 2022இல் வந்தார். ஆனால் பொதுவான ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது. எந்தப் பங்கில், எந்த ஆண்டு வரை, எந்தச் சாதியார் தனிக் கல்லறையில் புதைக்கப்பட்டார்கள். ஒரே மறைமாவட்டத்துக்குள் சாதி கடந்த திருமணங்கள் எத்தனை. சபை நடத்தும் பள்ளி கல்லூரிகளில் தலித் கிறிஸ்தவ ஆசிரியர் எத்தனை பேர். பங்குப் பேரவையில் எத்தனை பேர். இவற்றுக்கான விடைகள் திருமணப் பதிவேடுகளிலும் கல்லறை வரைபடங்களிலும் நியமனக் கோப்புகளிலும் உள்ளன. அவை கொச்சியிலும் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் ஆயரகங்களின் அலமாரிகளில் இருக்கின்றன. தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று தெருவில் ஊர்வலம் போகும் ஆயர்கள், அந்த அலமாரிகளைத் திறந்து தங்கள் சபைக்கு எதிரான ஆவணங்களைத் தங்கள் கையாலேயே ஆணையத்தின் முன் வைக்க முடியும். அதற்கு அரசின் அனுமதி தேவையில்லை. உரோமையின் அனுமதியும் அந்தியோக்கியாவின் அனுமதியும் தேவையில்லை.